விமானி வேலைக்கு எது: ஏர்லைன் விமானமா, ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரா?

ஏர்லைன் விமானி 35,000 அடி உயரத்தில், பெரும்பாலும் ஆட்டோபைலட் துணையோடு, முன்பே வகுத்த பாதையில் பறக்கிறார். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் இறங்கும் இடமே பல சமயம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும்: நெடுஞ்சாலை, வயல், விளையாட்டுத் திடல். இருட்டில் மின்கம்பி கண்ணுக்குப் படாது. கம்பத்தைத் தேடித்தான் கம்பியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏர்லைனை விட்டு மாறுவதென்றால், விமான உரிமம் இருந்தாலும் ஹெலிகாப்டருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஏர்லைனில் சேர்த்த பணிமூப்பும் போய்விடும். சரி, வீடு? ஏர்லைனில் பல இரவுகள் ஹோட்டலில். ஹெலிகாப்டரில் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்ட், அப்புறம் வீடு.

எனக்குப் பெரிய வேறுபாடு முடிவெடுப்பதில்தான். ஏர்லைனில் பக்கத்தில் துணை விமானி இருப்பார். ஹெலிகாப்டரில் பல நேரம் ஒரே விமானி. வானிலை மோசமென்றால் அவர் துணிந்து மறுக்க வேண்டும். அதற்காகவே பல இடங்களில், நோயாளி குழந்தையா, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதை, விமானி முடிவு சொல்லும்வரை அவரிடம் சொல்வதில்லை.