நீச்சல் குளத்துப் பம்ப் அடிக்கடி டிரிப் ஆகிறதா? ஃப்ளூக் 1507 மெக்கர்: ஒரு மதிப்பீடு

குளத்துப் பம்ப்பைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்றால் பல இடங்களில் முதலில் கை வைப்பது பேனலில்தான். 16 ஆம்பியர் எம்சிபியை (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும் பிரேக்கர்) கழற்றிவிட்டு 25 ஆம்பியர் போடுகிறார்கள். இல்லையென்றால் எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் விழும் ஆர்சிசிபியைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைகள் இறங்கிக் குளிக்கும் தண்ணீரில் இது உயிரோடு விளையாடுவது. மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பது இன்னொரு வழக்கம். கேபிளில் இருக்கும் கோளாறுக்கு மோட்டாரில் செலவு செய்தால், திரும்ப மாட்டிய அன்றே மறுபடியும் டிரிப் ஆகும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி மெக்கர், அதாவது வயரின், காயிலின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர். அதில் ஃப்ளூக் 1507 கையடக்கமானது. 50, 100, 250, 500, 1000 வோல்ட் என ஐந்து நிலைகள் உண்டு. 10 ஜிகாஓம் வரை காட்டும். நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். குளத்துப் பம்ப் வேலைக்கு 500 வோல்ட் நிலை போதும்.

சாதாரண மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு? மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது கொடுப்பது சில வோல்ட்தான். வைண்டிங்கில் (மோட்டாரின் காயிலில்) லேசாக ஈரம் ஏறியிருந்தால் அந்தச் சில வோல்ட்டில் அது பிடிபடாமல் போகலாம். 230 வோல்ட் வந்தவுடன் கசியும். 500 வோல்ட் கொடுத்து அளந்தால் கசிவு அங்கேயே தெரிந்துவிடும்.

கருவியை எடுப்பதற்கு முன் எது விழுகிறது, எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஆர்சிசிபி விழுந்தால் எர்த்துக்கு எங்கோ லீக்கேஜ், அல்லது நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. எம்சிபி போட்ட கணத்திலேயே விழுந்தால் ஷார்ட், அல்லது பி வகை எம்சிபி போட்டிருக்கிறார்கள். 1.5 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 8, 9 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு. பி16 எம்சிபி 48 ஆம்பியரிலிருந்தே உடனடியாக விழலாம். சி16 என்றால் 80-க்குக் கீழே அப்படி விழாது. ம்ம்ம் என்று சத்தம் மட்டும் கொடுத்துச் சுற்றாமல் நின்று, சில நொடியில் விழுந்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது பேரிங்கோ இம்பெல்லரோ இறுகியிருக்கும். அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் கிளாம்ப் மீட்டரைப் போட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று நேம்பிளேட்டோடு ஒப்பிட வேண்டும். வோல்டேஜ் 190-க்கு இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்சிபியின் டெர்மினல் ஸ்க்ரூ லூஸாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே அது விழும். பழைய பேனல்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலில் 1507 முழுதாக உதவுவது லீக்கேஜுக்குத்தான். அந்த வேலையில் அது சொல்வதை நம்பலாம்.

அளக்கும் முறை இது. குளத்தில் யாரும் இருக்கக் கூடாது. மெயினை அணைத்துப் பூட்டுங்கள். மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து, 1507-ஐ வோல்ட் நிலையில் வைத்து சப்ளை இல்லை என்று உறுதி செய்யுங்கள். கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். வரும் கேபிளின் மூன்று வயரையும் கழற்றிவிடுங்கள். மோட்டார் பக்கத்து ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு லீட், பெயின்ட் சுரண்டிய பாடியில் மற்றொரு லீட். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

நல்ல மோட்டார் 100 மெகாஓமுக்கு மேல் காட்டும். நொடிகள் போகப் போக எண் மெல்ல ஏறும். ஏறாமல் தத்தளித்தாலோ இறங்கினாலோ உள்ளே ஈரமோ அழுக்கோ இருக்கிறது. 1 மெகாஓமுக்குக் கீழே போனால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. இந்த இடத்தில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையில் விழும். 230 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் கசிய வேண்டுமானால் தடை சுமார் 7.7 கிலோஓமுக்கு இறங்கியிருக்க வேண்டும். அப்படியிருக்க, அரை மெகாஓம் காட்டும் மோட்டாருக்கு ஏன் டிரிப் ஆகிறது? அளந்தது மோட்டார் ஆறியிருந்தபோது. வைண்டிங் சூடு 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் தடை ஏறக்குறைய பாதியாகும். அதனால் டிரிப் ஆன சூட்டோடு ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும். காலையில் "நல்லாத்தான் இருக்கு" என்று சான்று வாங்கிய மோட்டார் மதியம் டிரிப் ஆவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

மோட்டார் நன்றாக இருந்தால் அடுத்தது கேபிள். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, ஃபேஸ் – எர்த், நியூட்ரல் – எர்த், ஃபேஸ் – நியூட்ரல் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். தோட்டத்து மண்ணுக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஜாயின்ட் இருந்தால் மழைக்குப் பிறகு அளங்கள், சங்கதி வெளியே வரும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. வேரியபிள் ஸ்பீடு பம்ப்பின் டிரைவ், டைமர், சால்ட் குளோரினேட்டர், சர்ஜ் புரொடெக்டர் எதையும் கழற்றாமல் 500 வோல்ட் கொடுக்காதீர்கள். எலெக்ட்ரானிக் போர்டு போய்விடும். சர்ஜ் புரொடெக்டர் வயரில் இருந்தால் தவறான குறைந்த எண்ணும் வரும்.

கருவியின் அமைப்பில் மிகவும் பிடித்தது பட்டன் வைத்த ரிமோட் புரோப். பம்ப் ரூம் என்பது பெரும்பாலும் குனிந்து நுழையும் குழி. ஒரு கையால் கருவியை அழுத்த, மறு கையால் லீடைப் பிடிக்க அங்கே இடமிருக்காது. வயரில் 30 வோல்ட்டுக்கு மேல் சப்ளை இருந்தால் எச்சரித்துவிட்டு டெஸ்ட்டைத் தொடங்கவே விடாது. டெஸ்ட் முடிந்ததும் வயரில் தேங்கிய சார்ஜைத் தானே இறக்கிவிடும். எர்த் தொடர்ச்சியை 0.01 ஓம் வரை காட்டுவதும் முக்கியம். மோட்டார் பாடிக்கும் பேனலின் எர்த் பாருக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் எர்த் வயரைச் சரிசெய்யாமல் பம்ப்பைப் போடக் கூடாது.

குறை என்று பார்த்தால், கெப்பாசிட்டர் அளக்காது. சுற்றாமல் நிற்கும் பம்ப்புக்கு அதுதான் முதல் சோதனை. கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மாற்றிவிடுவது நல்லது. அதே நிறுவனத்தின் 1587-இல் கெப்பாசிட்டன்ஸ், வெப்பநிலை இரண்டும் உண்டு. ஆனால் மெகாஓம் எல்லை 2 ஜிகாஓம்தான். பம்ப் வேலைக்கு அந்த எல்லை தாராளம். இன்னும் கருவி வாங்காதவர் 1587-ஐயே பார்க்கலாம். கையில் நல்ல மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் இருப்பவருக்கு 1507 போதும். இரண்டும் விலை அதிகம்தான். ஒரே ஒரு வீட்டுக் குளம் வைத்திருப்பவர் வாங்க வேண்டியதில்லை. மெக்கர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனை அழைத்து, அளந்த எண்ணை எழுதித் தரச் சொன்னால் போதும். 1507 தண்ணீர் புகாத கருவியும் அல்ல. ஈரத் தரையில் வைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள்.

எண் கெட்டது என்று தெரிந்த பிறகு காரணத்தைத் தேடாமல் மோட்டாரை மாற்றினால் புது மோட்டாரும் அதே வழியில் போகும். பம்ப்பும் மோட்டாரும் சேரும் இடத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை உப்புக் கோடு, அதன் ஓரத்தில் துரு, தொட்டால் ஈரம் என்றால், பம்ப்புத் தண்ணீரை மோட்டார் பக்கம் வராமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிகிறது. அந்தத் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக முன் பேரிங்குக்கும், அங்கிருந்து வைண்டிங்குக்கும் போகிறது. தண்ணீர் இல்லாமல் பம்ப் வெறுமனே ஓடியதுதான் சீல் கெட பெரும்பாலும் காரணம். டெர்மினல் பாக்ஸில் பச்சைக் களிம்பு பிடித்த ஸ்க்ரூ இருந்தால் குளோரின் டப்பாவும் ஆசிட் கேனும் அதே அறையில் இருக்கும், உடனே வெளியேற்றுங்கள். கேபிள் கிளாண்ட் இல்லாத ஓட்டை வழியாக எறும்பும் பல்லியும் உள்ளே போவதும் நம் ஊரில் சகஜம்.

ஈரம் மட்டும்தான் என்றால் மோட்டாரைத் திறந்து 60, 70 டிகிரி சூட்டில் உலர்த்தி, எண் ஏறி ஒரே இடத்தில் நிற்கும்வரை அவ்வப்போது அளக்கலாம். சீலையும் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு முதல் அளவைத் தேதியோடு பேனல் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து கீழே சேருங்கள். 200 மெகாஓம் 20 ஆகி 2 ஆனால், ஆர்சிசிபி விழும் முன்பே சீலை மாற்ற ஆளை அழைத்துவிடலாம்.