ஒபிச்சுவரியின் ‘டையிங் ஆஃப் எவ்ரிதிங்’: ரெக்கார்டா, சிடியா, செல்போனா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வந்த டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிதாரும் கொண்ட ராக் வகை) குழு ஒபிச்சுவரி முதல் ஆல்பம் போட்டது 1989-இல். பாடகர் ஜான் டார்டியும் டிரம்மர் டொனால்டும் உடன்பிறந்தவர்கள். 2017-க்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம், 2023 ஜனவரியில் ரிலாப்ஸ் ரெக்கார்டு கம்பெனி வெளியிட்ட இந்த ‘டையிங் ஆஃப் எவ்ரிதிங்’. கும்பகோணம், மாயவரம் பக்கம் டெத் மெட்டல் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாலு பேரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: எதில் வாங்குவது?

சத்தத்தை மட்டும் பார்த்தால் சிடிதான். வினைல் ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம், உள்ளே லேபிளை நெருங்கும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கேதான் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் கரகரக்கும். சிடியில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் ஒரே தரம்தான்.

ஆனால் இந்த ஆல்பம் ரெக்கார்டுக்கு ஒத்துவருகிற ஆல்பம். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் என்றால் பள்ளங்களை ரொம்ப நெருக்க வேண்டியதில்லை. வேகமான ‘பேர்லி அலைவ்’ வெளி விளிம்பில் தொடங்குகிறது. இழுத்து இழுத்துப் போகும் ‘பி வார்ன்ட்’ உள்விளிம்பில் முடிகிறது. நிதானமாக அசைந்து போகிற பாட்டுக்கு அங்கே பெரிய சேதாரம் இல்லை. சஃபோகேஷன் மாதிரி மூச்சுவிடாமல் அடிக்கிற குழு என்றால் நான் சிடியோடு நின்றுவிடுவேன். (திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையே 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமாகக் கேட்ட ஊர் இது. நமக்கு 22 நிமிடம் தாராளம்.)

மரியுஸ் லெவான்டோவ்ஸ்கி வரைந்த அட்டைப்படத்தை 12 அங்குலத்தில் பார்த்துவிட்டால் சிடி உறை தபால்தலை மாதிரி தெரியும். அதற்காகவே ரெக்கார்டு வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் நம் ஊர்க் காற்றில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அட்டை உறை ஈரம் இழுத்துப் பூஞ்சை பூக்கும். அறுவடை மிஷின் வயலில் இறங்கினால் வைக்கோல் தூசி மாடி அறை வரை வந்து பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் போடாமல் ஊசியை வைத்தால் படபடவென்று பொரியும். சித்திரை வெயிலில் பார்சலைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனால் ரெக்கார்டு அலை அலையாக நெளிந்துவிடும். வாங்குவதென்றால் மார்கழி, தையில் வரவழையுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல், பீரோவில் நிமிர்த்தி வையுங்கள். சிடிக்கு இத்தனை பத்தியம் கிடையாது, விலையும் குறைவு.

செல்போனில் கேட்பது பஸ்ஸுக்குச் சரி. வீட்டில் அந்த ஸ்பீக்கரில் பேஸ் கிதார் இருப்பதே தெரியாது.

இன்னொன்று, கரண்ட். மின்வெட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையர் ஓடினால் அடியில் ஓர் இரைச்சல் கூடவே வரும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அந்தத் தொல்லை குறையும். சூட்கேஸ் மாதிரி வரும் மலிவு பிளேயரைத் தொடாதீர்கள். அதன் ஊசி கனமாக அழுத்தி, காசு கொடுத்து வரவழைத்த ரெக்கார்டையே தேய்த்துவிடும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் இப்போதைக்குச் சிடியை வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல டர்ன்டேபிள் வந்த பிறகு ரெக்கார்டைப் பார்க்கலாம்.