கடல் நடுவில் ஒரு திண்ணை: இடுப்பில் கட்டும் மிதவை எப்படி?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் நீச்சல் குளத்தில் ஐம்பது சுற்று அசராமல் அடிப்பவர்கூட ஜூஹூவில் அலையைத் தாண்டியதும் கொஞ்சம் தடுமாறுவார். எட்டிப் பிடிக்க அங்கே சுவர் கிடையாது. அந்தச் சுவருக்குப் பதிலாக வருவதுதான் இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு மிதவை. கடையில் ஸ்விம் பாய் என்று கேளுங்கள்.

இரண்டு காற்றறை, 20 லிட்டர், சாமான் வைக்க டிரை பேக் (தண்ணீர் புகாத பை) உள்ள வகையே எங்கள் தேர்வு. 20 லிட்டர் காற்று ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். தலையை மட்டும் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க ஒருவருக்கு ஐந்து கிலோ தாங்கினாலே போதும் என்பதால், இரண்டு பேர் ஒரே மிதவையைப் பிடித்துக்கொண்டு தாராளமாகப் பேசலாம். இதன் அருமையே அங்கேதான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் நாம் தனிதான். 200 மீட்டருக்கு ஒருமுறை எல்லோரும் கூடி, மிதவையில் கை போட்டு, யாருக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது, யார் கண்ணாடிக்குள் தண்ணீர் போயிற்று என்று விசாரித்து, கரைக் கட்டிடங்களுக்குப் பின்னால் சூரியன் ஏறுவதைப் பார்த்துவிட்டு நகர்ந்தால், புதிதாக வந்தவரின் பயம் அந்த இரண்டு நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். கடல் நடுவில் ஒரு திண்ணை கிடைத்த மாதிரி.

1994-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நம் குற்றாலீஸ்வரனைப் போன்றவர்களுக்குக் கூடவே படகு வரும். நமக்கு அது இல்லை. கறுப்புத் தொப்பி போட்ட தலை மீன்பிடிப் படகுக்காரர் கண்ணில் படாது, ஆரஞ்சு படும். ஆள் எண்ணவும் அதுவே வசதி.

பெல்ட்டை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்தால் நழுவிவிடும். கயிறு, மிதவை பாதத்தைத் தாண்டி நிற்கும் நீளம் இருக்கட்டும். குறைந்தால் ஒவ்வொரு உதைக்கும் காலில் இடிக்கும். விறைக்க விறைக்க ஊதாதீர்கள். வெயிலில் காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கவேண்டும். டிரை பேக் வாயில் ஒட்டிய மணலைத் துடைத்து, மூன்று மடிப்பு சுருட்டி கிளிப் போடுங்கள். மணல் இருந்தால் தண்ணீர் கசியும். போனுக்குத் தனி உறை கட்டாயம். சாவியைத் துண்டில் சுற்றி வையுங்கள், முனை பையைக் குத்தும்.

மலிவு வகைகளில் முதலில் போவது பெல்ட் கொக்கி. கடையிலேயே நாலு தடவை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

இது லைஃப் ஜாக்கெட் அல்ல. மயங்கியவர் முகத்தை இது நிமிர்த்தாது, நீரோட்டத்தையும் எதிர்க்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் கடுமையாக இருக்கும். மற்ற நாட்களில் ஏற்றம் உச்சிக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, கரையில் நிற்கும் லைஃப்கார்டிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு. ஜூஹூவில் புளூபாட்டில் என்ற, ஜெல்லிமீன் மாதிரிக் கொட்டும் உயிரியும் ஒதுங்கும். அந்த மாதங்களில் குளமே போதும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். காற்று இறங்குகிறதா என்று பார்க்க சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை குமிழி விடும். சைக்கிள் டியூப் சொல்யூஷன் இதில் நிற்காது, பிவிசிக்கான பசையும் பிவிசித் துண்டும்தான் ஒட்டும்.