பாய் போகிறவர்கள் கவனம்: ஒரு இரவுச் சாப்பாட்டில் 6,520 பாட் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் வடக்கே, மே ஹோங் சோன் மாகாணத்தில் இருக்கிற பாய் என்ற மலையூரில் ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு எங்களிடம் 6,520 பாட் பிடுங்கிவிட்டார்கள். நம் பணத்தில் 18,900 ரூபாய். பெரிய ஓட்டல் எல்லாம் இல்லை. மூங்கில் தளம், தரையில் மெத்தை, குட்டை மேசை, மஞ்சள் பல்பு, அவ்வளவுதான். வாக்கிங் ஸ்ட்ரீட் என்கிற இரவுச் சந்தைத் தெருக் கூட்டத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கினால் இந்த மாதிரிக் கடைகள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்று. என்ன செய்து தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சியாங் மாயிலிருந்து பாய்க்கு 1095 சாலையில் வேனில் வந்தோம். 762 வளைவு என்று அங்கே பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள். அம்மாவுக்கு வழி முழுக்க வாந்தி. சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் சூடாக ஏதாவது சாப்பிட்டால் தேவலை என்றார். மச்சானும் தங்கச்சியும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, இந்தக் கடையில் கூட்டம் இல்லை, அம்மா காலை நீட்டி உட்காரலாம் என்றார்கள். அப்படித்தான் உள்ளே போனோம்.

கடைக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தார். கேட்காமலே எலுமிச்சைப்புல் போட்ட வெந்நீர் வந்தது. அம்மா சுத்த சைவம். அந்த ஊர்ச் சமையலில் மீன் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும், கறி மசாலாவிலேயே இறால் விழுது அரைத்திருப்பார்கள், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறாலைப் போட்டு இடிப்பார்கள். இது தெரிந்துதான் போனில் தாய்லாந்து மொழியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'மம்மா, மீன் சாஸ் இல்லை, சிப்பி சாஸ் இல்லை, தனி வாணலி' என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. 'இந்தப் பொண்ணு நம்ம வீட்டு மனுஷி மாதிரி இருக்கா' என்றார். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

எங்கள் நான்கு பேருக்கு மீனும் இறாலும். ஐஸ் போட்ட தட்டில் சிவப்புத் திலாப்பியாவும் பெரிய ஆற்று இறாலும் வைத்திருந்தார்கள். மேலே பலகையில் ஆங்கிலத்தில் மீன் 120, இறால் 180. நான் விரலால் சுட்டி ஒவ்வொன்றாக விலை கேட்டேன், அவரும் 'ஒன் ட்வென்ட்டி, ஒன் எய்ட்டி, ஓகே' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஓர் இறால் 180 என்று கணக்குப் போட்டு ஆறு இறால், உப்புப் பூசிச் சுட்ட மீன் ஒன்று. எங்கள் கண் முன்னால் எதையும் எடை போடவில்லை.

சாப்பாடு வந்தது. அம்மா வதக்கிய கீரையில் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். என் மனைவி அடுப்படிப் பக்கம் போய்ப் பார்த்தால் வாணலிக்குப் பக்கத்திலேயே சிப்பி சாஸ் பாட்டில் திறந்து கிடக்கிறது. கேட்டதற்கு 'கொஞ்சம்தான், கொஞ்சம்தான்' என்று விரலை இடுக்கிக் காட்டினார்கள். அம்மா வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டு எழுந்தார். பில்லைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை பொய் என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அப்புறம் பில். மீன் 1,560. இறால் 2,880. மற்றதெல்லாம் சேர்த்து 1,100. அதன் மேல் சேவைக் கட்டணம் 10%, அதற்கும் மேல் வரி 7%. மொத்தம் 6,520 பாட்! பலகையில் பார்த்த விலைப்படி 2,300 வந்திருக்க வேண்டும். கேட்டால் பலகையின் அடியில் தாய்லாந்து எழுத்தில் பொடியாக இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: அது 100 கிராமுக்கான விலையாம். ஒன்றரைச் சாண் நீள மீனுக்கு 1.3 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். 100 கிராம் கணக்கில் விலை சொல்வது அந்த நாட்டில் வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எண்ணை மட்டும் பெரிதாக எழுதி, அளவைத் தாய்லாந்து மொழியில் மட்டும் எழுதினால் அது யாருக்காக எழுதியது?

தலையணை கொண்டுவந்த பெண்மணி அதற்குள் உள்ளே போய்விட்டார். அவருக்குப் பதில் ஒரு இளைஞன் வந்து 'மேடம் இல்லை, எனக்கு இங்கிலீஷ் வராது' என்றான். அதுவரை நன்றாகவே பேசிக்கொண்டிருந்தவன். கார்டு மெஷினில் பாட்டா ரூபாயா என்று திரை கேட்கும் இல்லையா, அதையும் அவனே ரூபாய் என்று அழுத்திவிட்டுத்தான் பின் நம்பர் போடச் சொல்லி நீட்டினான். அம்மா நடுங்கிக்கொண்டு நிற்கிறார், இரவு நேரம், வெளியூர். கட்டிவிட்டு வந்தோம். ரூபாய் என்று அழுத்தியதால் மெஷினின் மோசமான மாற்று விகிதத்தில் போனது தனி.

தங்கிய விடுதியில் சொன்னால் 'ஓ, சாரி' என்று சொல்லிவிட்டு மறுநாள் குகைக்குப் போக டிக்கெட் வேண்டுமா என்று கேட்கிறார்கள். கடையின் இணையப் பக்கத்துக்குப் பில்லைப் படமெடுத்து அனுப்பினேன், கைகூப்பும் ஸ்டிக்கர் ஒன்று வந்தது, பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ஊருக்கு வந்து வங்கியைக் கேட்டால் 'சார், பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க' என்று அதே வாக்கியத்தை ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். 6,520 பாட் சார், ஒரு வேளைச் சாப்பாடு சார் என்றால் ஒரு புகார் எண் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள்.

கடைப் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே அவதூறு குற்றவியல் வழக்கில் வரும். 2020-ல் கோ சாங் தீவில் ஒரு விடுதியைப் பற்றி இணையத்தில் மோசமாக எழுதிய அமெரிக்கரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், பிறகு அவர் மன்னிப்புக் கேட்டுத்தான் சமாதானம் ஆனது.

சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன், இறால் என்றால் கண் முன்னால் எடை போடச் சொல்லி மொத்த விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். மெஷினில் பாட் என்பதை நீங்களே அழுத்துங்கள். வரி போட்டால் பில்லில் 13 இலக்க வரி எண் இருக்கிறதா பாருங்கள், ஆண்டுக்கு 18 லட்சம் பாட் வியாபாரம் தாண்டாத கடை வரிக்குப் பதிவே செய்ய வேண்டியதில்லை, எங்கள் பில்லில் எண் இல்லை. சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட சைவக் கடைக்கே போய்விடுங்கள். கடையை விட்டு வெளியே வரும் முன்பே சுற்றுலாப் போலீஸ் 1155, விலைப் புகாருக்கு 1569. கார்டில் கட்டிய பணத்தை இப்படி யாராவது வங்கி மூலம் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று கீழே எழுதுங்கள், எனக்கு அவசரம்.