போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்: வேலையை விட்டுவிட்டுப் படித்து முடித்தவளின் விமர்சனம்

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து அஞ்சு வருஷம் ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்தேன், போன மாதம்தான் கடைசிப் பரீட்சை முடிந்தது. சேருவதற்கு முன்னால் யாரைக் கேட்டாலும் "ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்" என்றார்கள், இல்லையென்றால் "பணம் தண்டம், அதே வேலைதான் பார்க்கப் போறே" என்றார்கள். ரெண்டுமே எனக்கு உதவவில்லை. படிப்புக்கு 5க்கு 4 கொடுப்பேன், நான் படித்த கல்லூரிக்கு 5க்கு 2. கல்லூரிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, சென்னையைச் சுற்றி எந்தத் தனியார் கல்லூரிக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலில், இது யாருக்கான படிப்பு என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பி.காம். முடித்த என் அத்தை மகள், அமெரிக்காவில் வேறு டிகிரி முடித்தவர்கள் 11 முதல் 18 மாதத்தில் நர்சிங் டிகிரி வாங்கிவிடுகிறார்களாமே, இங்கே அப்படி இருக்கிறதா என்று கேட்டாள். இங்கே கிடையாது. நாலு வருட பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், என்ன டிகிரி வைத்திருந்தாலும் வருஷம் குறையாது. இங்கே இருக்கும் ஒரே குறுக்கு வழி இந்த ரெண்டு வருடப் படிப்புதான், அதுவும் ஜி.என்.எம். முடித்து நர்சிங் கவுன்சிலில் ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப்) என்று பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.

அரசு இடத்துக்கு கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி மாணவர் தேர்வுக் குழு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் குறைவு, எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் என்னைப் படுத்தி எடுத்தது மதிப்பெண் இல்லை, இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டிலும் கவுன்சில் சான்றிதழிலும் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவர் இனிஷியல். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, அதற்கு ஒரு ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸுக்கு ஒரு அட்டெஸ்டேஷன் என்று மூன்று நாள் லீவு போனது. கல்யாணம் ஆனவர்கள் அறிவிப்பு வருவதற்கு முன்பே இதைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்கு ஏன் 2 என்றால், அட்மிஷன் மேஜையில் ஒரு தொகை சொன்னார்கள், சேர்ந்த பிறகு யூனிஃபார்ம், ரெக்கார்ட் நோட்டு, கிளினிக்கல் கட்டணம், சுற்றுலா என்று ஒவ்வொன்றாக வந்தது. டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் ரசீது. ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தர மறுத்தால் அங்கே சேர வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிகளில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, போடுகிறார்கள், அங்கே படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் ஆசிரியர்களில் இருவர் மிக நல்லவர்கள். அந்த 2கூட அவர்களுக்காகத்தான்.

இனி படிப்பு. முதல் வருஷம்தான் ஆளைச் சாய்க்கும். நர்சிங் ஃபவுண்டேஷன், நியூட்ரிஷன், பயோகெமிஸ்ட்ரி, சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, மெட்டர்னல், சைல்டு ஹெல்த், மெடிக்கல் சர்ஜிக்கல், இதோடு இங்கிலீஷ். பகலெல்லாம் வார்டு, மாலையில் வகுப்பு, பெரம்பூரில் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு ரெக்கார்ட். என் மாமியார் சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டதால் தாக்குப்பிடித்தேன், அந்தக் கை இல்லாமல் நான் முடித்திருக்கவே மாட்டேன். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று சேர்ந்த தோழிகள் ரெண்டு பேர். பரீட்சை எழுதவே 80 சதவீத வருகை வேண்டும், பிராக்டிக்கல் நாட்களை டிகிரி வாங்குவதற்குள் நூற்றுக்கு நூறு முடித்தாக வேண்டும். ஒருத்தி தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டாள், இன்னொருத்தி ஆறு மாதம் பின்தங்கினாள். ஒரு வருஷச் செலவுக்காவது பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

உடம்பு வலியை விட மனசு வலி அதிகம். ஷிஃப்ட் இன்சார்ஜாக ஹேண்ட்ஓவர் கொடுத்த நான், ஒரு ஆஸ்பத்திரியில் மாணவியாக நின்றபோது, என்னை விட அஞ்சு வயது சின்ன சிஸ்டர் "ஸ்டூடன்ட்ஸ் கேஸ் ஷீட்டைத் தொடாதீங்க" என்றாள். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன். அந்த வாரமே கேர் பிளான், அதாவது ஒரு நோயாளிக்கு என்ன கவனிப்பு, ஏன் என்று எழுதும் திட்டம், எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்க வேண்டும், இதை அஞ்சு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறேன். ரேஷனல் என்ற கட்டத்தில் ஏன் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது, நிமோனியா வந்துவிடக்கூடாது என்று முழுசாக எழுத புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது. கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் இந்தப் படிப்புக்கு 4 கொடுப்பது அந்த ஒரு கட்டத்துக்காகத்தான். ரெண்டு வருஷமும் அது என்னை விடவே இல்லை.

ரெண்டாம் வருஷம் கொஞ்சம் மூச்சு விடலாம். சோசியாலஜி, நர்சிங் எஜுகேஷன், அட்மினிஸ்ட்ரேஷன் எல்லாம் படித்தால் வந்துவிடும். ரிசர்ச்சும் ஸ்டாட்டிஸ்டிக்சும் மட்டும் பயமுறுத்தும், குழுவாக உட்கார்ந்து போட்டுப் பழகுங்கள். எனக்கு மறக்காதது வியாசர்பாடியில் கம்யூனிட்டி போஸ்டிங். வீட்டுக்குள் போனதும் நியூஸ்பேப்பரை விரித்து அதன் மேல் பையை வைக்க வேண்டும், சோப்பையும் துண்டையும் எடுத்துக் கை கழுவிய பிறகுதான் மற்ற பொருட்களைத் தொடலாம். ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சாதித்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் டியூபில், சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பெனடிக்ட் கரைசல் 5 மில்லியை ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்து, அவருடைய சிறுநீரில் 8 சொட்டு விட்டு மறுபடி சூடு செய்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அவர் டியூபுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "இது எங்கிட்டேர்ந்தா வந்துச்சு?" என்றார். அதுவரை அரை மணி நேரம் நான் பேசியதில் நடக்காதது அந்த நிறத்தில் நடந்தது. சாயங்காலமே மகனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்.

மனநல போஸ்டிங்குக்கு 1794லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போனோம். அங்கே ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று உண்டு, நோயாளி சொன்னதையும் நாம் சொன்னதையும் வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் நான் எத்தனை தடவை குறுக்கே பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது. ஐசியூவில் ஒரு நோயாளி பக்கத்தில் பேச்சுக் கேட்பதற்காக மட்டும் நான் உட்கார்ந்ததே இல்லை.

சரி, சேரலாமா? ஸ்டாஃப் நர்ஸ் வேலை மட்டும் போதும் என்றால் அவசரப்பட வேண்டாம், அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு டிப்ளமாவே போதும். எனக்குப் பழைய ஆஸ்பத்திரியில் சம்பளத்தில் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது மாதம் 3,000 ரூபாய், அதற்காக மட்டும் வேலையை விட்டுப் படிப்பது கட்டுப்படியாகாது. எம்.எஸ்சி. படிக்க, சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக ஆசை இருந்தால் சேருங்கள். எம்.எஸ்சி.க்கு ஒரு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், அது நமக்கு ஏற்கெனவே இருக்கும். ஜி.என்.எம். முடித்த கையோடு வராமல் ஒன்றிரண்டு வருஷம் வார்டில் நின்றுவிட்டு வாருங்கள் என்பதுதான் என் விருப்பம், அப்போதுதான் அந்த ரேஷனல் கட்டம் சுடும்.

முடித்தவர்களுக்கு ஒன்று: சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் அடுத்த வாரம் போகிறேன், இந்த முறை இனிஷியல் அஃபிடவிட்டும் பையில் இருக்கிறது.