4,600 டாலர் போச்சு: செகண்ட் ஹேண்ட் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு போட்டிகளில் சுடும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம், அவர்களுக்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். தனியார் துப்பாக்கி விற்பனை விளம்பரங்கள் போடும் ஒரு தளத்தில் பார்த்து எஸ்ஆர்-25 ரைபிள் ஒன்றுக்கு 4,600 டாலர் கட்டினேன். துப்பாக்கி வரவில்லை, இனி வரவும் வராது. விளம்பரம் போட்ட ஆளிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

தெரியாதவர்களுக்கு: யூஜின் ஸ்டோனர் 1990களின் தொடக்கத்தில் நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த, 7.62 மி.மீ. தோட்டா போடும் செமி ஆட்டோ ரைபிள் இது. அமெரிக்கக் கடற்படை 2000இல் எம்கே 11 என்று ஸ்னைப்பர்களுக்கு எடுத்துக்கொண்டது, ராணுவத்தின் எம்110-உம் இதே குடும்பம்தான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) கையால் இழுக்க வேண்டாம், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்ததைச் சுடலாம். ஆனால் உள்ளே வெடிமருந்தின் கேஸ் தள்ளி போல்ட் ஓடித் திரும்பும் அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகள் விழ வேண்டுமென்றால் பேரலும் (குண்டு ஓடும் குழாய்) பொருத்தமும் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த விலை. புதிது வாங்க என்னால் முடியாது, பழையது நியாயமான விலையில் வந்தால் விடக்கூடாது என்று வெகுநாளாகக் காத்திருந்தேன். இந்த ஆசையைத்தான் இவன்கள் குறிவைக்கிறான்கள்.

பேரலில் எத்தனை ரவுண்டு போயிருக்கிறது என்று விற்பவனிடம் கேட்டேன். உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினான்: தேதி, காற்று, வெயில், எத்தனை ரவுண்டு, எல்லாம் பென்சிலில். அப்புறம் அவனாகவே சொன்னான், "பேரல் குளிர்ந்திருக்கும்போது முதல் குண்டு அரை அங்குலம் இடப்பக்கம் போகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்." அங்கேதான் நம்பினேன். விற்கிற பொருளின் குறையை வாங்குகிறவனிடம் எவன் தானாகச் சொல்வான்?

அடுத்தது சட்டம். வேறு மாநிலத்துக்காரர் விற்றால், 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி துப்பாக்கி நேராக என் வீட்டுக்கு வரக்கூடாது, லைசென்ஸ் உள்ள டீலரிடம்தான் வர வேண்டும். அங்கே போய் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் தருவார்கள். என் டீலரின் லைசென்ஸ் நகலைக் கறாராகக் கேட்டு வாங்கினான், தன் பக்கத்து டீலரின் நகலையும் அனுப்பினான். இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவன் ஏமாற்றுவானா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தச் சட்டம் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறது. நம் பணம் யாரிடம் போகிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

4,600 டாலர் வங்கிக் கணக்கிலிருந்து போன பிறகு ஆரம்பித்தது. முதலில் கூரியரில் தாமதம் என்றான். அப்புறம் இன்சூரன்ஸுக்கு இன்னும் 350 டாலர் கட்டினால்தான் பார்சல் நகரும் என்றான். முடியாது என்றதும் பேச்சே இல்லை. அவன் அனுப்பிய லைசென்ஸில் இருந்த கடையைக் கூப்பிட்டால், பாவம், அவர்கள் நொந்துபோய் இருக்கிறார்கள். நகலை யாரோ திருடிப் பயன்படுத்துகிறான், என்னைப் போலவே வேறு சிலரும் கூப்பிட்டிருக்கிறார்கள். விளம்பரத் தளத்தில் கேட்டால் "நாங்கள் விளம்பரம் போட இடம் மட்டுமே தருகிறோம், பரிவர்த்தனை உங்கள் இருவருக்கும் இடையில்" என்று எல்லோருக்கும் அனுப்பும் அதே நாலு வரி. வங்கியில், "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் சார்." 4,600 டாலர் சார் அது! போலீஸில் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவன் அனுப்பிய ரைபிள் படங்களை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். தோட்டா ஓடு வெளியே வரும் துளைக்குக் கீழே ஒரு கீறல், ஓரத்தில் லேசாக வளைந்திருக்கும். அச்சு அசலாக அதே கீறல், அதே மர மேசை, எப்போதோ முடிந்துபோன ஓர் ஏலத்தின் படங்களில் இருக்கிறது. ரைபிள் தன்னிடம் இருக்கிறது என்று காட்ட, என் பெயரும் தேதியும் எழுதி அதன் பக்கத்தில் வைத்த காகிதம் ஒட்டுவேலை: ரைபிளின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, காகிதத்துக்கு நிழலே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. லைசென்ஸ் எண்ணை, டீலர்களுக்கு லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான ஏடிஎஃப்-இன் இணையதளத்தில் சரிபார்ப்பது மட்டும் போதாது, திருடிய நகல் என்றாலும் எண் உண்மையானதுதான், சரி என்றே காட்டும். அங்கே வரும் கடையின் போன் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, இந்தத் துப்பாக்கி உங்களிடம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தை நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பவே அனுப்பாதீர்கள். வீடியோவில் துப்பாக்கியைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். அதே கீறல் படங்களோடு இன்று வேறு பெயரில் 4,200 டாலருக்கு விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது, தளத்துக்குப் புகார் அனுப்பியும் இன்னும் எடுக்கவில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.