ஆர்பெக்கினா ஆலிவ் கன்று: குமரி மாவட்டத்தில் வாங்கலாமா?

தொட்டியில் அழகுக்கு வைக்க ஐந்துக்கு நான்கு மதிப்பெண். காய்க்கு பூஜ்யம்.

‘குட்டை ரகம், மூன்றாம் வருடம் காய்க்கும், ஏக்கருக்கு 670 கன்று நடலாம்’ என்று சொல்லி விற்கிறார்கள். ஸ்பெயினில் இது அத்தனையும் உண்மை. இது கட்டலோனியா பகுதி ரகம், வளர்த்தி குறைவு. 5 அடிக்கு ஒன்றாக நட்டு, வரிசைக்கு வரிசை 13 அடி விட்டால் வேலிபோல அடைந்து நிற்கும். திராட்சை அறுவடை இயந்திரத்தை மாற்றிச் செய்த வண்டி, வரிசையின் இருபுறமும் சக்கரம் இருக்க அதன்மேல் நகர்ந்து, உள்ளே இருக்கும் கோல்களால் கிளைகளை அடித்துக் காயை உதிர்க்கும். அதனால் மரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, அடியில் அரை மீட்டர் கிளையில்லாமல் இருக்க வேண்டும். தண்டைப் பிடித்து உலுக்கும் இயந்திரம் இதற்குச் சரிப்படாது: காய் 2 கிராம்கூட இல்லை, அந்த எடைக்குக் காம்பு விடாது. ஸ்பெயினின் இன்னொரு ஆலிவ் ரகமான பிக்குவல் வேலிக்கு அடங்காமல் வளரும். அதையும் ஆர்பெக்கினாவையும் கலந்து ஸ்பெயினின் கோர்டோபா நகரில் உருவாக்கியதுதான் சிகிடிடா என்ற ரகம். ஆலிவ் விதைக்கன்று பூக்கப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் இப்படிப் புது ரகம் உருவாக்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

நம் ஊர்ச் சிக்கல் குளிர். ஆலிவ் பூக்க, பல வாரம் இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். நாகர்கோவிலில் மார்கழியில்கூட 20-க்குக் கீழே போவது அரிது. செடி தளதளவென்று வளரும், பூக்காது. ராஜஸ்தானில் ஆலிவ் தோட்டம் இருக்கிறதே என்பார்கள். அங்கே குளிர்காலம் உண்டு. நம் மாவட்ட மலையில் உள்ள முத்துக்குழிவயல் குளிர்தான், ஆனால் அது வனப்பகுதி.

அழகுக்கு வாங்குவதானால், ரப்பர் கன்றில் 105 ரகமா 430 ரகமா என்று கேட்பதுபோல ரகப் பெயரையும், கிளைக் குச்சியில் வேர்விட்டதா விதைக்கன்றா என்பதையும் கேளுங்கள். இலை ஒடுங்கி, எதிரெதிராக, அடிப்பக்கம் வெள்ளிபோல இருக்க வேண்டும். பல் விளிம்போடு அகன்ற இலை, முதிர்ந்தால் சிவக்கிறது என்றால் அது சிலோன் ஆலிவ், வேறு குடும்பம்.

கன்று சாவது பெரும்பாலும் தண்ணீரால். ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் வேர் அழுகும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அதுதான். 14 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், மட்கிய உரம் சம அளவு. குலசேகரம் பக்கத்துச் செம்மண் புளிப்பு என்பதால் அதைக் குறைக்க ஒரு கைப்பிடி டோலமைட் (சுண்ணாம்புக்கல் தூள்). தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி, மழைக்காலத்தில் கூரையடியில் வையுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக் குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால் சாய்ந்துவிடும்.

ஊறுகாய்க்குக் காய்தான் வேண்டும் என்பவர்கள் மேலே சொன்ன சிலோன் ஆலிவையே கேட்டு வாங்கலாம். நம் மழைக்கு அது காய்க்கும். எண்ணெய் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.